சரணத்துக்கு முன் நின்ற பாட்டு

ஏழாலை
05.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லாரும் எழும்பி நடமாடுகிறோம். என்னுடைய முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. உங்களுடைய சீனி வருத்தம் எப்படி? பராசக்தி மச்சாள் இன்னும் பேக்கரி வேலைக்குப் போகிறாவா?

போன் இருக்க இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்திய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதைவிட, நான் கேட்கப்போவது எனக்கு எழுத்தில் வேண்டும். கொப்பியில் ஒட்டி வைக்கப்போகிறேன்.

யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகை ஒன்று என்னிடம் துப்பறியும் தொடர் கேட்டிருக்கிறது. முன்பு எழுதிய இரண்டும் ஓடின என்பதால் வந்த துணிச்சல். இந்தக் கதை 1980 பங்குனியில் ஒரு கோயில் திருவிழா அன்று நடக்கிறது. ஒரு கொலை. அது நடந்தபோது யாரும் மணிக்கூடு பார்க்கவில்லை. ஆனால் லவுட்ஸ்பீக்கரில் என்ன பாட்டுப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் ஒருவர் பாட்டுகளை வரிசைப்படுத்தியே ஆளைப் பிடிக்கிறார்.

அந்த நாளில் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவர் நீங்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, ஒரு இசைத்தட்டு எவ்வளவு நேரம் ஓடும், எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் அத்தியாயம் இதோடு வருகிறது. பிழை இருந்தால் ஏசுங்கள்.

மச்சாளையும் கேட்டதாகச் சொல்லவும்.
தங்கை மகாதேவி

ஸ்காபரோ
02.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

கையெழுத்தில் உறையைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டேன். உள்ளே பார்த்தால் நீ கதையிலே ஆளைக் கொல்கிறாய். நான் சுகமாய் இருக்கிறேன். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மச்சாள் வேலையை விட்டுவிட்டு இப்போது என்னை மேய்க்கிறாள்.

ஏசச் சொன்னாய், ஏசுகிறேன். 1980 இல் உன் தேத்தண்ணிக் கடையில் ரிவி எப்படி வந்தது? கோயில் மடத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறாய். அப்போது ஏது பிளாஸ்டிக் கதிரை? மர வாங்கும் பாயும்தான். உன் கதையில் பாட்டுப் போடுகிறவன் கசெற்றைப் போட்டு நடுவிலிருந்து பாட்டைத் தொடங்குகிறான். எங்களிடம் கசெற் இல்லை, தட்டுத்தான். சின்னத் தட்டில் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம். முடிந்ததும் ஆள் நின்று ஊசியைத் தூக்கி மாற்ற வேண்டும். பாட்டுப் போடுகிறவன் சாப்பிடக்கூட எழும்ப முடியாது. இதை எழுது, வாசிக்கிறவன் நம்புவான்.

வரிசை இதுதான். விடியப் பிள்ளையார் பாட்டு. பிறகு முருகன், அம்மன். பூசை தொடங்கினால் ஊசியைத் தூக்கு, இனி மேளக்காரர் பாடு. பூசை முடிந்து மடத்தில் அன்னதானம் தொடங்கினால் சினிமாப் பாட்டுக்கு அனுமதி. அதிலும் காதல் கூடினால், பெற்ற தகப்பன் என்பதை மறந்து, ஐயா கோயில் மனேச்சர் என்ற முகத்தோடு ஆள் அனுப்புவார்: “உவனுக்குச் சொல்லு, சாமி இருக்கிற இடமெண்டு!”

எத்தனை வருடத்துக்குப் பிறகு இதையெல்லாம் யோசிக்கிறேன். இன்னும் கேள்.

அண்ணை அருளம்பலம்

ஏழாலை
24.11.2023

அன்புள்ள அண்ணைக்கு,

மழை விட்டபாடில்லை. வெங்காயம் நட்டவர்கள் தலையில் கை வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்துச் சிரித்தேன். ரிவியையும் கதிரையையும் தூக்கி எறிந்துவிட்டேன்.

இப்போது கதையின் முடிச்சைச் சொல்கிறேன். அன்னதான நேரம் ஒரு பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது. பல்லவி போய், அனுபல்லவி போய், சரணம் வரப்போகிற இடத்தில் சத்தம் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வேறு பாட்டு, காது கிழிகிற சத்தத்தில் தொடங்குகிறது. அந்த இடைவெளியில்தான் கொலை. தட்டு மாற்ற அரை நிமிடம் போதுமே, இவ்வளவு நேரம் ஏன் என்று சார்ஜன் கேட்கிறார்.

இது என் கற்பனை இல்லை. எங்கள் கோயிலில் அந்த வருடம் அப்படி நின்றது. எனக்குப் பதினைந்து வயது. மடத்தில் பந்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாட்டு, சரணத்துக்குக் காத்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. அன்று பின்னேரம்தானே உங்களிடம் வேலை செய்த கனகு கோயில் பின்வளவுக் கிணற்றில் கிடந்தான்? குடிவெறியில் விழுந்தான் என்றார்கள். அந்தக் கிணற்றையே கதைக்கும் எடுத்துக்கொண்டேன்.

அன்று பாட்டு ஏன் நின்றது, அண்ணை? தெரிந்தால் அப்படியே எழுதுவேன்.

தங்கை மகாதேவி

ஏழாலை
09.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

புது வருடமும் பிறந்து பொங்கலும் வருகிறது. பதில் இல்லை. தபால் தொலைந்ததோ, உங்களுக்கு ஏதும் சுகவீனமோ என்று இருப்புக் கொள்ளவில்லை. போனில் கேட்டால் மச்சாள் “அவர் படுத்திருக்கிறார்” என்கிறா. மூன்று தரமும் அதையே சொன்னா. இரண்டு வரி போதும்.

மகாதேவி

ஸ்காபரோ
29.01.2024

தங்கச்சிக்கு,

சுகம். இங்கே குளிர் கூட.

நீ நினைப்பது பிழை. பாட்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் கரண்ட் போயிருக்கும். கதையிலும் அப்படியே வை, கரண்ட் போனது என்று. கிணறும் வேண்டாம். ஊரில் அந்தச் சனங்கள் இன்னும் இருக்கிறார்கள், வீணாக மனம் நோகும். நஞ்சு என்று வை. துப்பறியும் கதைக்கு நஞ்சுதான் பொருத்தம்.

நாற்பத்துநாலு வருடத்துப் பாட்டை யார் நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்?

அருளம்பலம்

ஏழாலை
20.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்ப முயற்சிக்கிறேன்.

கரண்ட் போகவில்லை. மடத்துக் கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது. பாட்டு நின்ற நேரமும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வாழையிலை பறக்கிறது என்று ஒவ்வொரு இலைக்கும் தண்ணீர்ச் செம்பைப் பாரம் வைத்தவள் நான்.

கதைக்காகத்தான் யோசிக்கத் தொடங்கினேன். இப்போது கதையை எழுத முடியவில்லை. மேசைக்கு முன்னால் இருப்பேன், எழும்புவேன், முற்றத்தைச் சுற்றுவேன். அந்தத் திருவிழா முடிந்து இரண்டு மாதத்தில் அம்பிளிபயர், தட்டு எல்லாவற்றையும் விற்றுவிட்டு நீங்கள் ஜேர்மனிக்கும், பிறகு கனடாவுக்கும் போனீர்கள். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை. நீங்கள் அனுப்பப்போகிற சட்டைத்துணியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை சுன்னாகம் சந்தைக்குப் போனேன். கனகுவின் மனைவி இராசாத்தி அங்கே வெங்காயம் விற்கிறா. பக்கத்தில் சாக்கைப் போட்டு இருக்கச் சொன்னா. கதை எழுதுகிறேன், அந்தக் காலத்துச் சங்கதி வேண்டும் என்றுதான் தொடங்கினேன். கனகுவின் பெயரைச் சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டா.

“அவர் குடிக்கிறேல்லை பிள்ளை. கலியாணத்திலை ஒரு சொட்டுக் குடிச்சுப்போட்டுச் சத்தி எடுத்த மனிசன். ஆனா சேட்டிலை சாராயம் மணத்ததுதானே. நான் என்னத்தைச் சொல்ல? குடிகாரன்ரை பெண்சாதி எண்டு என்னைச் சொன்னவை. மகளுக்குப் பேசி வந்த சம்பந்தம் ரெண்டு அதாலை முறிஞ்சது.”

பிறகு தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினா. “இந்த இடம் கரிக்கட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. ஏனெண்டு கேட்டனான். உங்கடை ஐயா சொன்னவர், கிணத்துக் கயிறு வழுக்கினதாம்.”

அண்ணை, தண்ணீரில் விழுந்தவனுக்குக் கை எப்படிக் கருகும்?

தங்கை மகாதேவி

ஸ்காபரோ
02.04.2024

தங்கச்சி,

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை மச்சாளுக்குக் காட்டாமல் நூல் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன்.

அந்த வருடம் கோயிலுக்குத் தற்காலிகக் கரண்ட் அனுமதி வரவில்லை. திருவிழா நிற்கக்கூடாது என்று ஐயா ஒற்றைக் காலில் நின்றார். வீதிக் கம்பியில் கொக்கி போட்டுக் கள்ளமாக எடுத்தோம். கொக்கி போட்டது நான். மத்தியானம் ஒரு தூறல் போட்டது. கிணற்றடித் தென்னையில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. கனகுவை ஏறச் சொன்னேன். அவன் “கொக்கியைக் கழட்டுங்கோ தம்பி” என்றான். கழற்றினால் மடத்தில் விசிறி நிற்கும், ஐயா கத்துவார். நான் ஊசியை மட்டும் தூக்கினேன். பாட்டு நின்றால் கரண்டும் நின்றமாதிரித்தானே என்ற மடைத்தனம். உன் சரணம் அதனால்தான் வரவில்லை.

மேலே, அதே தென்னையால் போன கொக்கி வயரில் கை வைத்தான். கரண்ட் அடித்து விழுந்தான். ஐயா ஓடி வந்து நெஞ்சில் காது வைத்துப் பார்த்து, முடிந்துவிட்டது என்றார். கள்ளக் கரண்ட் என்று தெரிந்தால் நாங்கள் இரண்டு பேரும் மறியலில் கம்பி எண்ணத்தான். கிணற்றில் போடுவோம் என்றார். சாராயமும் அவர் ஏற்பாடு. பிறகு நான் போய் அடுத்த தட்டைப் போட்டேன்.

அவன் செத்துவிட்டான், மகாதேவி. செத்த உடம்பைத்தான் போட்டோம். அதை நீ நம்ப வேண்டும்.

ஐயாவும் போய் முப்பது வருடமாகிறது. இனி என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

அண்ணை

ஏழாலை
25.04.2024

அண்ணைக்கு,

சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்று எழுதித்தான் பழக்கம். இன்றைக்கு வருகிறதில்லை.

உங்கள் கடிதத்தை இராசாத்தி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். மகள் கோமதியும் இருந்தா. அப்பா செத்தபோது தாயின் வயிற்றில் நாலு மாதம். வாசித்து முடிய இராசாத்தி முதலில் கேட்டது ஒன்றுதான்: “அப்ப அவர் குடிக்கேல்லை?”

“இல்லை, அக்கா.”

“நான் அவரை எவ்வளவு திட்டினனான். படத்துக்கு மாலை போடேல்லை. வயித்திலை பிள்ளை இருக்கக் குடிச்சுப்போட்டு விழுந்தனியோ எண்டு படத்தோடை சண்டை பிடிச்சனான்.”

கோமதி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தா.

அதற்குப் பிறகு இராசாத்தி அவரைக் குளிப்பாட்டியதைச் சொன்னா. “மூக்காலையும் வாயாலையும் நுரை. சவர்க்கார நுரை மாதிரி வெள்ளை. துடைக்கத் துடைக்க வந்துது. சேலைத் தலைப்பு முழுக்க நனைஞ்சுபோச்சு.”

தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

நான் துப்பறியும் கதை எழுதுகிறவள். சட்ட வைத்தியம் பற்றிய புத்தகங்கள் இரண்டு என் அலுமாரியில் இருக்கின்றன. செத்த பிறகு தண்ணீரில் போட்டவனுக்கு அப்படி நுரை வராது. தண்ணீருக்குள் மூச்சு இழுத்தவனுக்குத்தான் வரும்.

இராசாத்திக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? இன்னொன்றையும் கேட்கிறேன். பாட்டு திரும்பத் தொடங்கியபோது ஏன் அவ்வளவு சத்தம்?

மகாதேவி

ஸ்காபரோ
09.07.2024

மகாதேவி,

தெரியும்.

அவன் முனகினான். கண்ணும் திறந்திருந்தது. “ஐயா, உயிர் இருக்கு, சுன்னாகத்திலை கார் பிடிப்பம்” என்றேன். இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஐயா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். “பிழைச்சால் சொல்லுவான். போய்ப் பாட்டைப் போடு. கூட்டிப் போடு, இல்லாட்டி உவன்ரை சத்தம் மடத்துக்குக் கேக்கும்.”

நான் போனேன். கையில் அகப்பட்ட தட்டைப் போட்டேன். சத்தத்தை முழுக்கத் திருகினேன். அந்த நேரத்திலாவது மடத்துக்கு ஓடிவந்து கத்தியிருக்கலாம். இருநூறு பேர் இருந்தார்கள். நீ இருந்தாய். நான் திரும்பக் கிணற்றடிக்குத்தான் போனேன். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐயா அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் காலைப் பிடித்தேன்.

ஐயா சொன்னார் என்று எழுதுகிறேன். எனக்கு வயது இருபத்துநாலு. கை என்னுடையது.

இங்கே வந்து இத்தனை வருடத்தில் எந்தக் கலியாண மண்டபத்திலும் நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. காது வருத்தம் என்று சொல்லிச் சொல்லி மச்சாளும் நம்பிவிட்டாள். நேற்று அவளுக்கு எல்லாம் சொன்னேன். அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் பதினாலாம் திகதி வருகிறேன். ரிக்கற் எடுத்தாயிற்று. கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு யாரும் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை இராசாத்திக்கு வாசித்துக் காட்டு. எனக்காக ஒன்றும் கேட்காதே.

அருளம்பலம்

ஏழாலை
02.09.2024

அன்புள்ள பராசக்தி மச்சாளுக்கு,

மகள் வீட்டில் உங்களுக்கு நித்திரையாவது வருகிறதா? எனக்கு வருகிறதில்லை.

அண்ணை என் வீட்டில் இருக்கிறார். மருந்தை நேரத்துக்கு எடுக்கிறார். இரண்டு கடிதங்களையும் பொலிசில் கொடுத்து, தானே வாக்குமூலமும் கொடுத்தார். அதை எழுதிய பொலிஸ்காரப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. 1980 என்றதும் பேனையை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான். இனி நீதிமன்றம் என்ன சொல்லும் என்று ஒரு வக்கீலுக்கும் தெரியவில்லை. கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். திரும்பும் ரிக்கற்றை அண்ணையே நிறுத்திவிடச் சொன்னார்.

இதையெல்லாம் அவர் போனில் சொல்லியிருப்பார். இராசாத்தி வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வந்த மறுநாள் காலை போனோம். கோமதி படலையில் நின்றா, வழி விடவில்லை. உள்ளேயிருந்து இராசாத்தி, “விடு பிள்ளை, வரட்டும்” என்றா. அண்ணைக்குக் கதிரை போட்டார்கள். அவர் இருக்கவில்லை.

“நீங்கள் எழுதினதை இவ வாசிச்சவ,” என்றா இராசாத்தி. “உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”

சொன்னார். கொக்கியிலிருந்து கிணறு வரைக்கும் ஒன்றும் விடவில்லை. ஐயாவின் பெயரை ஒரு தரம்தான் சொன்னார். கோமதியின் மகன் தனுஷன் கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். கொழும்பில் படிக்கிறவன், லீவுக்கு வந்திருக்கிறான்.

முடிந்ததும் இராசாத்தி என் பக்கம் திரும்பினா. “உன்ரை கதையிலை அவரின்ரை பேரை மாத்தாதை. கனகசபை எண்டு முழுசா எழுது. குடிக்கிறேல்லை எண்டும் எழுது. மற்ற ஆக்களுக்கு என்ன பேர் வைச்சாலும் எனக்குப் பறவாயில்லை.”

எழுதுகிறேன் என்றேன். சார்ஜனை எடுத்துவிட்டேன், மச்சாள். அந்தக் கதைக்குத் துப்பறிகிறவன் தேவையில்லை.

பிறகு அவ அண்ணைக்குக் கிட்ட வந்தா. “உதடு அசைஞ்சது எண்டு சொல்லுறியள். என்ன சொன்னவர்?”

“கேக்கேல்லை.”

“பக்கத்திலைதானே நிண்டனியள்?”

“ஓம். பாட்டு... பாட்டைக் கூட்டிப்போட்டன். ஒண்டும் கேக்கேல்லை.”

அவ கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்தா. அண்ணை தலை குனியவில்லை. குனிந்திருந்தால் எனக்குப் பார்க்கச் சுகமாக இருந்திருக்கும்.

“குனிஞ்சு கேட்டிருக்கலாம்,” என்றா. “எனக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.”

அவ்வளவுதான். வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு சந்தை பஸ்ஸுக்குப் போய்விட்டா. நாங்கள் இரண்டு பேரும் அந்த முற்றத்தில் நின்றோம். கோமதி படலையைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தா, நாங்கள் போவதற்காக.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மகாதேவி